அத்தையின் கைரேகை

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியது. மலருக்காகச் சில இடங்களில் மட்டும் திருத்தி எழுதியிருக்கிறேன்.)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் பண்ணினார். "தொழிற்சாலைத் தானியங்கி பற்றி ஒரு இருபது நிமிஷம் பேசு, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். வயதானவர்களும் அரசாங்க ஆஸ்பத்திரியும் முதியோர் உதவித்தொகையும் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் மௌனம். "அதுக்கும் நம்ம டிபார்ட்மெண்டுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. நான் இங்கே 2006இல் சேர்ந்து 2010இல் மின்னணுக் கருவியியல் முடித்து வெளியே போனவன். அளக்கும் கருவிகள் செய்யும் கம்பெனியில் வேலை. எங்கே அளவு தப்புகிறது, ஏன் தப்புகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். எங்கள் வீட்டிலேயே ஒன்று தப்பியது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வருஷம் ஆனது.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில். அப்பாவுக்கு ஒரே அக்கா, என் அத்தை. குழந்தை இல்லை. மாமா தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டார். அன்றிலிருந்து அத்தைக்குக் கரிமூட்ட வேலை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே வைக்கோலும் இலையும் பரப்பி, மண் பூசி மூடி, தீ வைப்பார்கள். புகைந்து புகைந்து பல நாள் கனியும். பிறகு மண்ணைத் தள்ளிக் கரியைப் பிரித்து மூட்டை கட்ட வேண்டும். சூடு ஆறாத கரியைக் கையால் பொறுக்குவார்கள். அத்தையின் வலது கை விரல்கள் வழவழவென்று கண்ணாடி மாதிரி இருக்கும். சின்ன வயதில் அதைத் தடவிப் பார்ப்பது எனக்கு விளையாட்டு.

என்னுடைய முதல் செமஸ்டர் கட்டணத்தில் பாதி அந்தக் கரிக் காசு. அட்மிஷன் அன்றைக்கு அப்பாவோடு அத்தையும் வந்தது. ஆபீசுக்குள்ளே வரவில்லை. "புகை வாடை அடிக்கும், நீ போ மருமகனே" என்று சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டது. நானும் வற்புறுத்திக் கூப்பிடவில்லை. மனசுக்குள் ஒரு நிம்மதி இருந்தது என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரத்தக் கொதிப்பை அரசு சுகாதார நிலையங்களிலேயே கண்டுபிடித்து மாத்திரை கொடுக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தில் முதலில் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சோதனையாகச் செய்து பார்த்தார்கள். 2012இல் மாநிலம் முழுவதும் விரித்தார்கள். அத்தை கால் வலி என்று எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது அங்கிருந்த நர்சம்மா கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு பிரஷர் இருக்கு" என்று சொல்லி ஒரு அட்டை போட்டுக் கொடுத்தார். மாதம் ஒரு தடவை போனால் மாத்திரை. மூன்று கிலோமீட்டர், நடந்தே போய்விட்டு வரும். போகிற வழியில் நாலு பேரைப் பார்த்துப் பேசிவிட்டு வருவது அதற்கு ஒரு திருவிழா.

அந்த மாத்திரை பற்றி இன்ஜினியர்களுக்கு ஒரு வார்த்தை. 1994இல் உருவாகி அடுத்த வருஷம் வேலையைத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குகிறது. மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். வந்த சரக்கில் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, தேறினால்தான் கிடங்கை விட்டு வெளியே போகும். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. நாம் கல்லூரியில் தரக் கட்டுப்பாடு என்று படித்த பாடம்தான். 'அரசாங்க மாத்திரை வெறும் சுண்ணாம்பு' என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு இது தெரியாது. 2014இல் எனக்கும் தெரியாது.

2014இல் எனக்குப் பதவி உயர்வு வந்தது. பெங்களூரில் வாடகை வீடு, மோட்டார் சைக்கிள். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தை மஞ்சப் பையில் மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குக் கிளம்பியது. நான் சொன்னேன்: "அத்தே, இனிமே அங்கெல்லாம் போய் வரிசையில நிக்காதே. எனக்குக் கேவலமா இருக்கு. ஊர்ல என்ன பேசுவாங்க?"

இதைச் சொன்னது ஒரு இருபத்தஞ்சு வயது இன்ஜினியர். அத்தை ஒன்றும் பேசவில்லை. முகத்தில் ஒரு பெருமைகூடத் தெரிந்தது. நானே கூட்டிக்கொண்டு போய் டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினேன். அவர் நல்ல டாக்டர், அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. அவர் எழுதியதும் அதே அம்லோடிபைன் மாத்திரைதான், வேறு கம்பெனி, வேறு பெயர். டாக்டர் பீஸ், மாத்திரை, பஸ் எல்லாம் சேர்த்து மாதம் 900 ரூபாய்க்குக் குறையாது. நான் மாதம் 2,000 அனுப்பினேன்.

2018இல் கம்பெனியில் ஆட்குறைப்பு. ஏழு மாதம் வேலை இல்லை. கையில் இருந்ததை வைத்து ஓட்டினேன். அத்தைக்கு முதல் இரண்டு மாதம் அனுப்பினேன், பிறகு பாதி, பிறகு ஒன்றுமில்லை. "அடுத்த மாசம் சேத்து அனுப்பறேன் அத்தே" என்று போனில் சொல்வேன். "எனக்கென்ன செலவு, நீ ஒடம்பப் பாத்துக்கய்யா" என்று பதில் வரும். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்பேன். சாப்பிடுகிறேன் என்று சொல்லும். பொய்யும் இல்லை.

2019 ஜனவரியில் ஒருநாள் காலையில் அப்பா போன் பண்ணினார். அத்தைக்கு வாய் கோணிவிட்டது, இடது காலைத் தூக்க முடியவில்லை. மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் ராத்திரி போய்ச் சேர்ந்தேன். வார்டில் ஒரு இளம் டாக்டர், நம் தங்கைகள் வயதுதான் இருக்கும், "பிரஷர் மாத்திரையை விடாம சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். "ஆமாம் டாக்டர், நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன்" என்று கம்பீரமாகச் சொன்னேன். கட்டிலில் இருந்து அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

இரண்டு நாள் கழித்து மாற்றுத் துணி எடுக்க ஊருக்குப் போனேன். மாடக்குழியில் ஒரு பவுடர் டப்பா. உள்ளே பேப்பரில் மடித்து மடித்து அரை அரை மாத்திரைகள். கத்தியால் வெட்டியது. ஒரு நாளைக்கு அரை, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். டப்பா இன்னும் தீரவில்லை, அவ்வளவு சிக்கனம். மூன்று கிலோமீட்டரில் காசில்லாமல் முழு மாத்திரை கிடைத்துக்கொண்டிருந்தது. நான் கேவலம் என்று சொன்ன இடத்துக்கு அது போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

இது என் அத்தை கதை மட்டும் இல்லை. 2020இல் தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். ரத்தக் கொதிப்பு உள்ள 100 பேரில் அது கட்டுக்குள் இருந்தது 7 பேருக்குத்தான். மூன்று நான்கு வருஷம் கழித்து மறுபடி எடுத்தபோது அது 17 ஆகியிருந்தது. ஏறியதில் சந்தோஷம்தான். மீதி 83 பேர் யார் என்று நான் யோசிக்கிறேன். மாத்திரை இல்லாத ஊர் இல்லை இது. டாக்டர் இல்லாத ஊரும் இல்லை. நோயாளிக்கும் மாத்திரைக்கும் நடுவில் ஏதோ நிற்கிறது. சில வீடுகளில் அது தூரம், சில வீடுகளில் கூலி போய்விடும் என்ற பயம், சில வீடுகளில் அறியாமை. எங்கள் வீட்டில் நின்றது நான்.

அடுத்து உதவித்தொகை. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. தமிழ்நாட்டில் தொகை 2011இல் 1,000 ரூபாய், 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய். 2006இல் வைத்த அந்த 200, 2025 வரை மாறவில்லை. நம் கல்லூரி கேண்டீனில் 2006இல் டீ என்ன விலை, இன்றைக்கு என்ன விலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கணவனை இழந்த ஆதரவற்ற பெண்களுக்கு 1975இலேயே தனியாக ஒரு உதவித்தொகை வந்துவிட்டது. அதற்கு 60 வயது ஆக வேண்டியதில்லை. மாமா இறந்தபோதே அத்தை அதற்கு எழுதிப் போட்டிருக்கலாம். எழுதிப் போடச் சொல்ல ஒருவரும் இல்லை. கால் நூற்றாண்டு அப்படியே போனது.

பெரியாஸ்பத்திரியிலிருந்து அத்தை திரும்பியதும் நான் இரண்டு வாரம் லீவு போட்டு ஊரில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை முறையாகச் செய்வது என்று முடிவு. மாமாவின் இறப்பு பதிவு செய்யப்படவே இல்லை, இத்தனை வருஷம் கழித்துப் பதிய அதிகாரியின் ஆணை வாங்க வேண்டும். அது நீளும் என்று முதியோர் உதவித்தொகைக்கே போனோம். இ-சேவை மையத்துப் பையன் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு 55 வயசுதான் சார் ஆகுது" என்றான். ஆதாரில் பிறந்த வருஷம் 1964. அட்டை எடுத்த அன்று யாரோ முகத்தைப் பார்த்து உத்தேசமாகப் போட்டது. அத்தையிடம் கேட்டால், "தனுஷ்கோடிப் புயலப்ப எனக்கு முன்பல்லு விழுந்து மொளச்சிக்கிட்டிருந்துச்சு" என்கிறது. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். முன்பல் முளைக்கிற வயது ஏழு. ஆக 1957. கணக்கு சரி, ஆனால் பல்லை ஆதாரமாக வைக்கப் படிவத்தில் இடம் இல்லை.

அப்போது அப்பாதான் சொன்னார், அத்தை இரண்டாம் வகுப்பு வரை எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் படித்தது என்று. தலைமையாசிரியர் நல்ல மனிதர். இரும்பு பீரோவின் அடித்தட்டில் கரையான் அரித்தது போக மிஞ்சிய சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்து, தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம். மத்தியானம் மூன்று மணிக்கு அத்தையின் பெயர் கிடைத்தது. அழகான மைப் பேனாக் கையெழுத்து. பிறந்த தேதி 1957 ஜூலை. பக்கத்தில் என் தாத்தாவின் கைநாட்டு. அத்தை அந்தக் கைநாட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் என் வேலையில் எத்தனையோ கருவிகளைச் சரி பண்ணியிருக்கிறேன், அன்றைக்கு வந்த சந்தோஷம் ஒன்றிலும் வந்ததில்லை.

அந்த நகலை வைத்து ஆதாரில் தேதியைத் திருத்தினோம். இரண்டு தடவை திரும்பி வந்து மூன்றாவது தடவை ஏறியது. மனு போட்டோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று போக வேண்டும். விசாரணைக்கு வந்தவர் அத்தையிடம், "உங்களை யாரு பாத்துக்கறது?" என்று கேட்டிருக்கிறார். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க தம்பி மகன் இன்ஜினியரு, பெங்களூருல இருக்காக. மாசா மாசம் பணம் அனுப்பிருவாக" என்று சொல்லியிருக்கிறது. என்னை 'நீ' என்று கூப்பிடுகிற அத்தை, வெளி ஆளிடம் 'அவுக' என்று சொல்லியிருக்கிறது! 'உறவினர் பராமரிப்பில் உள்ளார்' என்று எழுதி மனு தள்ளுபடி. அந்த அலுவலரைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்டார், அவரிடம் சொன்னார்கள், எழுதினார்.

'ஆதரவற்றவர்' என்ற அந்த ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். நம் ஊரில் எந்த வயதானவர் தன்னை ஆதரவற்றவர் என்று நாலு பேர் முன்னால் சொல்லுவார்? பிள்ளை இருந்தும் கஞ்சி ஊற்றாத வீட்டில்கூட, "எம் புள்ள ராசா மாதிரி வச்சிருக்கான்" என்றுதான் சொல்லுவார்கள்.

மறுபடி மனு போட்டேன். தனி வட்டாட்சியர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நான் பிள்ளை இல்லை, சட்டப்படி வாரிசும் இல்லை என்று விளக்கினேன். அவர் பேப்பரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சட்டத்தை விடுங்க தம்பி. நீங்க மாசா மாசம் தவறாம அனுப்புறீங்களா?"

ஆம் என்று சொன்னால் மனு போச்சு. இல்லை என்று சொன்னால் என் மானம் போச்சு. அத்தை என் பக்கத்தில் நிற்கிறது. நான் அந்த ஏழு மாதத்தைச் சொன்னேன், அரை மாத்திரையைச் சொன்னேன். ஆபீசில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் அத்தை என்மேல் பாய்ந்தது. "ஏய்யா அப்படிச் சொன்ன? இன்னமே அந்த ஆபீசுல ஒனக்கு என்ன மருவாதி?" பஸ் ஸ்டாண்டு வரை பேசவில்லை. அங்கே போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்த பிறகு, "சரி விடு" என்றது.

இங்கே சிலருக்கு மனசில் ஒரு கேள்வி இருக்கும். 'இவன்தான் சம்பாதிக்கிறானே, ஏழைக்குப் போக வேண்டிய காசை எதற்கு இவன் அத்தை வாங்க வேண்டும்?' நியாயமான கேள்வி, நானும் கேட்டுக்கொண்டேன். அத்தைக்கு நிலம் கிடையாது, சம்பளம் கிடையாது, பிள்ளை கிடையாது. இருப்பது ஓட்டு வீடும் நானும்தான். என் வேலை போனால் நானும் போனேன் என்பதை ஒருதடவை பார்த்துவிட்டோம். நான் இன்றைக்கும் அனுப்புகிறேன், ஆனால் நான் அனுப்புவது என் இஷ்டம். அது அத்தையின் பெயரில் வருகிற பணம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அத்தை நடக்கிற நடையிலேயே தெரிகிறது. இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு சண்டை போடலாம், நான் தயார்.

2020 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. மார்ச்சில் ஊரடங்கு. எங்கள் ஊருக்கு வங்கி முகவர் ஒருவர் சின்ன மெஷினோடு வருவார், ரேகை வைத்தால் பணம் கொடுப்பார். முன்பு போஸ்ட்மேன் மணியார்டரில் கொண்டுவந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அத்தை மூன்று தடவை போய் மூன்று தடவையும் 'ரேகை விழலை' என்று திரும்பி வந்தது. வங்கிக் கிளைக்கே போய்ச் சீட்டில் கைநாட்டு வைத்து எடுக்கலாம், ஆனால் 14 கிலோமீட்டர், பஸ் ஓடவில்லை. "என் கையி கரியாப் போச்சு மருமகனே, கெவர்மெண்டுக்கு என்னயத் தெரியல" என்று போனில் சிரித்தது.

அங்கேதான் நம் டிபார்ட்மெண்ட் உதவியது. ரேகை மெஷின் விரலின் மேடு பள்ளத்தைத்தான் படிக்கிறது. வயதானால் மேடுகள் தேயும், தோல் உலர்ந்து சுருங்கும். கரிமூட்டம், செங்கல் சூளை, கல் உடைப்பு வேலை செய்தவர்களுக்கு இளமையிலேயே தேய்ந்துவிடும். ஆனால் பத்து விரலும் ஒரே அளவில் தேயாது. எல்லாரும் பழக்கத்தில் வலது கைக் கட்டைவிரலைத்தான் வைக்கச் சொல்வார்கள், அதிகமாகத் தேய்ந்திருப்பதும் அதுதான். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போன் போட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, துடை, ஈரத்துணியில் விரலை லேசாக ஒற்று, இடது கையிலிருந்து ஒவ்வொரு விரலாக வை, அழுத்தாதே, மெஷின் கண்ணாடியையும் துடைக்கச் சொல். இடது கை மோதிர விரலில் விழுந்தது. அன்றிலிருந்து அத்தைக்கு அந்த விரல்தான் 'பென்சன் வெரலு'. அதில் காயம் படக்கூடாது என்று அரிவாள்மனையைக்கூட ஜாக்கிரதையாகப் பிடிக்கிறது.

அத்தைக்கு விரல் கிடைத்தது. கிடைக்காதவர்கள் எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள்? ஓய்வூதியர் வாழ்வுச் சான்றுக்கு முகத்தை வைத்தே அடையாளம் காட்டும் வசதி 2021 நவம்பரில் வந்தது. சில ரேஷன் கடைகளில் கருவிழி பார்க்கும் மெஷின் வைத்தார்கள். கடைக்கு வர முடியாத முதியவருக்குப் பதிலாக வேறொருவர் வாங்க ஒரு படிவம் உண்டு. 2025 ஆகஸ்டில் வீட்டுக்கே ரேஷன் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் தொடங்கினார்கள். வழி இல்லாமல் இல்லை. 2017-18இல் நாடு முழுவதும் மூத்தோரிடம் நடந்த லாசி ஆய்வில், முதியோர் உதவித்தொகை என்று ஒன்று இருப்பதையே அறிந்தவர்கள் பாதிக்குச் சற்றே மேல்தான். அறிந்தவர்களுக்கும் இ-சேவை, ஆதார் மையம், தாலுகா ஆபீஸ், முகவர் என்று ஒவ்வொரு வாசலுக்கும் கூட வர ஒரு ஆள் வேண்டும். அரசாங்கம் எல்லாவற்றுக்கும் படிவம் வைத்திருக்கிறது, கூட வருகிற ஆளுக்குப் படிவம் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் 60 தாண்டியவர்கள் 100க்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர். 2031இல் தமிழ்நாட்டில் 18 பேருக்கு மேல் இருப்பார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அந்தக் கணக்கில் வருவீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களில் பாதிப் பேர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. நாளைக்கு வேலை கிடைத்ததும் வீட்டில் ஒரு பெரியவரிடம், "இனிமே தர்ம ஆஸ்பத்திரிக்குப் போகாதே" என்று சொல்லத் தோன்றும். சொல்வதற்கு முன்னால் அந்தப் பவுடர் டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். தனியாரிடம் காட்டுவதாக இருந்தாலும் அந்த அரசு அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அண்ணன்மார்களுக்கு: இந்த வாரம் அப்பா அம்மாவின் ஆதாரில் பிறந்த தேதியைப் பாருங்கள். 2024 அக்டோபர் 29இல் 70 கடந்த எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்று ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை விரித்தார்கள். தேதி தப்பாக இருந்தால் அதுவும் கிடைக்காது. தெரியாத விஷயத்துக்கு 14567 என்று முதியோர் உதவி எண் இருக்கிறது, கேளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். போன தடவை நுழைவாயில் வளைவு கட்டினோம், நன்றாகத்தான் இருக்கிறது. இந்தத் தடவை நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளில் முப்பது பேரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அனுப்பலாம். மரம் நட வேண்டாம், கோலப் போட்டி வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். மனு போடுவதிலிருந்து கையில் பணம் வருகிற வரை கூடப் போய்வருவது, அவ்வளவுதான். பாஸ்புக்கும் கார்டும் அந்தப் பெரியவர் கையிலேயே இருக்க வேண்டும், வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. போட்டோ எடுத்துப் போடக் கூடாது. போக்குவரத்துச் செலவுக்கு எங்கள் 2010 செட் பணம் சேர்த்திருக்கிறது.

அத்தை எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். கால் கொஞ்சம் இழுக்கும், கம்பு ஊன்றி நடக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சில மாதத்தில் எங்கள் தெருவுக்கும் வந்தது. மகளிர் குழுவிலிருந்து ஒரு பெண், கையில் பிரஷர் மெஷினோடு வந்து மாத்திரை கொடுத்தது. அத்தை அதற்குப் புளி, முருங்கைக்கீரை என்று எதையாவது முந்தானையில் முடிந்து வைத்திருக்கும். "மாத்திரைய விடு, அது வந்து ஒக்காந்து அரை மணி நேரம் பேசுதுல்ல" என்கிறது. இன்றைக்கு இங்கே கூப்பிட்டேன், வரவில்லை என்றது. வேப்ப மரம் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டது.

செயலாளர் கையைக் காட்டுகிறார். சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்து மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கூடப் போக விருப்பம் உள்ள மாணவர்கள் பெயரும் ஊரும் எழுதுங்கள். பேனா வைத்தால் காணாமல் போகும் என்பதால் கட்டி வைத்திருக்கிறேன்.